கொலையும் கொலையைப் பற்றிய கதையும்: 'அன்ஃபர்கிவன்' படத்தின் பின்னணி

'அன்ஃபர்கிவன்' என்ற ஹாலிவுட் படத்தின் திரைக்கதையை டேவிட் வெப் பீப்பிள்ஸ் எழுதியது 1976-இல். பல ஆண்டுகள் படமாகாமல் கைமாறிக்கொண்டிருந்த அதன் உரிமை ஒரு கட்டத்தில் இயக்குநர் பிரான்சிஸ் ஃபோர்ட் கப்போலாவிடம் இருந்தது. 1980களின் தொடக்கத்தில் அதை வாங்கிய நடிகரும் இயக்குநருமான கிளின்ட் ஈஸ்ட்வுட், உடனே படமாக்க முனையவில்லை. கதையின் நாயகன் வில்லியம் மனி, கொலைகளையும் குடியையும் விட்டு விலகிப் பத்தாண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்ட, கன்சாஸில் பன்றி வளர்த்துப் பிழைக்கும் ஒரு விதவர். அந்த மனிதரின் வயதும் தளர்ச்சியும் ஒப்பனையால் வருவதைவிடத் தன் உடம்பிலேயே வந்து சேரட்டும் என்று ஈஸ்ட்வுட் காத்திருந்தார். 1991-இன் இலையுதிர்காலத்தில் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் படப்பிடிப்பு நடந்தது. 1992 ஆகஸ்ட் 7 அன்று படம் வெளியானபோது அவருக்கு வயது 62.

வயதான துப்பாக்கிக்காரர் கடைசியாக ஒருமுறை ஆயுதம் எடுக்கும் கதை என்றுதான் 'அன்ஃபர்கிவன்' பெரும்பாலும் அறிமுகப்படுத்தப்படுகிறது. இதில் பிழையில்லை என்றாலும், இந்த அறிமுகம் படத்தின் பாதியைத்தான் தொடுகிறது. கொலை செய்வது எப்படிப்பட்ட வேலை, அந்த வேலை கதையாகச் சொல்லப்படும்போது என்னவாக மாறுகிறது என்ற இரண்டையும் அருகருகே வைத்து அளந்து பார்ப்பதே படத்தின் முதன்மையான காரியம் என்பது என் வாசிப்பு. முதுமை இதற்கு ஒரு கருவியாகிறது. துப்பாக்கிக்காரர் கிழவராகிவிட்டார், அவரைப் பற்றிய கதைகளோ கிழடு தட்டாமல் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கின்றன. இரண்டுக்கும் இடையிலான தூரம் அவரது தள்ளாட்டத்தில்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

கதை 1880-இல், வயோமிங்கில் உள்ள பிக் விஸ்கி என்ற கற்பனை ஊரில் தொடங்குகிறது. மதுக்கடை ஒன்றின் மாடியில் டெலைலா என்ற பாலியல் தொழிலாளி, தன்னிடம் வந்த மாட்டுக்காரனின் உடலைப் பார்த்துத் தன்னையறியாமல் சிரித்துவிடுகிறார். அவன் கத்தியால் அவரது முகத்தைக் கிழிக்கிறான். ஊரின் ஷெரிஃப் லிட்டில் பில் அவனையும் அவன் கூட்டாளியையும் தண்டிக்காமல், கடைக்காரர் ஸ்கின்னிக்குக் குதிரைகள் கொடுத்து ஈடுகட்டுமாறு உத்தரவிடுகிறார். ஆத்திரமடைந்த பெண்கள் தங்கள் சேமிப்பைத் திரட்டி, அந்த இருவரையும் கொல்பவருக்கு 1000 டாலர் என்று அறிவிக்கிறார்கள். செய்தி கன்சாஸ் வரை போகிறது. ஸ்கோஃபீல்ட் கிட் என்று தனக்குத்தானே பெயர் சூட்டிக்கொண்ட இளைஞன் ஒருவன் மனியைத் தேடி வருகிறான். மனி தயங்கி, பின் தன் பழைய கூட்டாளி நெட் லோகனையும் அழைத்துக்கொண்டு கிளம்புகிறார்.

கிளம்பும் காட்சிகளில் ஈஸ்ட்வுட் தன்னைத்தானே கேலிக்கு உள்ளாக்கிக்கொள்வதை அன்றைய பார்வையாளர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்பதை உணர, அவர் அதுவரை யாராக இருந்தார் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 1959 முதல் 1965 வரை 'ராஹைட்' தொலைக்காட்சித் தொடரின் மாட்டுக்காரர்; 1964 முதல் 1966 வரை செர்ஜியோ லியோனியின் மூன்று இத்தாலியப் படங்களில், சுருட்டைக் கடித்தபடி இமைக்கும் நேரத்தில் எதிரிகளை வீழ்த்தும் பெயரற்ற மனிதர்; 1971-இல் டான் சீகல் இயக்கத்தில் டர்ட்டி ஹாரி என்ற முரட்டுக் காவலர். அப்படிப்பட்டவர் இங்கே பன்றிப் பட்டியில் சேற்றில் விழுகிறார், குதிரையில் ஏற முடியாமல் தடுமாறுகிறார், தகர டப்பாவை ரிவால்வரால் குறிவைத்துத் திரும்பத் திரும்பத் தவறவிடுகிறார். பொறுமையிழந்து வீட்டுக்குள் போய் ஷாட்கன்னை எடுத்துவந்து அந்த டப்பாவைச் சிதறடிக்கிறார். பார்ப்பவருக்குச் சிரிப்பு வரும், ஆனால் அதில் ஒரு தகவலும் இருக்கிறது: இந்த மனிதருக்குக் குறி தேவையில்லை, கொல்லும் மனம் போதும். அதன் முழுப் பொருள் கடைசி இருபது நிமிடங்களில்தான் வெளிப்படுகிறது. படத்தின் இறுதியில் லியோனிக்கும் சீகலுக்கும் காணிக்கை செலுத்தப்படுகிறது. இருவரும் முறையே 1989-இலும் 1991-இலும் மறைந்திருந்தார்கள்.

வெஸ்டர்ன் படங்களின், அதாவது 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்க மேற்கின் துப்பாக்கிக்காரர் கதைகளின், பெருமிதத்தைக் கேள்வி கேட்பதை 'மறுவாசிப்பு வெஸ்டர்ன்' என்று விமர்சகர்கள் சொல்கிறார்கள்; அந்த வகைமை ஈஸ்ட்வுட் கண்டுபிடித்ததல்ல. ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் 1934 முதல் கடுமையாக நடைமுறையில் இருந்த காலத்தில், வெஸ்டர்ன் படங்களில் சுடப்பட்டவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ரத்தமில்லாமல் சாய்வார், நல்லவர் குதிரையேறிப் போவார். அந்த விதிகள் 1968-இல் முடிவுக்கு வந்தன. மறு ஆண்டே சாம் பெக்கின்பாவின் 'தி வைல்ட் பஞ்ச்', தோட்டா உடலில் செய்வது என்ன என்பதைத் திரையில் நிறுத்தி நிதானமாகக் காட்டியது. அதே 1969-இன் இறுதியில், வியட்நாமின் மை லாய் கிராமத்தில் அமெரிக்கப் படையினர் நடத்திய படுகொலை அம்பலமானது. 1970-இல் வெளிவந்த சில படங்கள், 19-ஆம் நூற்றாண்டில் குதிரைப்படை பூர்வகுடிகளின் முகாம்களில் புகுந்து பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதைக் காட்டியபோது, அமெரிக்கப் பார்வையாளர்களுக்கு அது எந்தப் போரைப் பற்றியது என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வெஸ்டர்ன் நாட்டின் பெருமிதக் கதையாக இருந்த நிலை மாறி, நாட்டின் மீதான விசாரணையாக ஆனது இப்படித்தான்.

ஆனால் விசாரணைக்குக் கூட்டம் நீடிக்கவில்லை. வயோமிங்கின் கால்நடை முதலாளிகள் குடியேறிகள்மீது நடத்திய வன்முறையை எடுத்துக்கொண்ட மைக்கேல் சிமினோவின் 'ஹெவன்ஸ் கேட்', 1980-இல் சுமார் 4.4 கோடி டாலரை விழுங்கித் தோற்று, யுனைட்டெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனம் அடுத்த ஆண்டே வேறு கைக்குப் போகக் காரணங்களில் ஒன்றானது. அதன் பிறகு ஒரு பத்தாண்டுக் காலம், வெஸ்டர்ன் என்றாலே தயாரிப்பாளர்கள் ஒதுங்கினார்கள். 1990-இன் 'டான்சஸ் வித் வுல்வ்ஸ்' ஏழு ஆஸ்கர் பெற்றுக் கதவைத் திறந்தது. ஈஸ்ட்வுட்டின் படம் சுமார் 1.4 கோடி டாலரில், அன்றைய கணக்கில் சிக்கனமாக, எடுக்கப்பட்டு அமெரிக்காவில் மட்டும் 10 கோடி டாலரைத் தாண்டி வசூலித்தது.

மூப்படைந்த துப்பாக்கிக்காரர் என்ற பாத்திரமும் பழையதே. 1950-இன் 'தி கன்ஃபைட்டர்' படத்தில் கிரெகரி பெக் ஏற்ற ஜிம்மி ரிங்கோ, போகும் ஊரெல்லாம் தன்னைச் சுட்டுப் புகழடைய விரும்பும் ஓர் இளைஞனைச் சந்திக்கிறார். பீப்பிள்ஸ் தன் திரைக்கதையை எழுதிய அதே 1976-இல் வெளியான 'தி ஷூட்டிஸ்ட்' படத்தில், சீகலின் இயக்கத்தில், ஜான் வெய்ன் புற்றுநோயால் சாகப்போகும் துப்பாக்கிக்காரராக நடித்தார். அதுவே அவரது கடைசிப் படமாகவும் அமைந்தது. அந்தப் படம் அவருக்கு ஒரு கௌரவமான சாவைத் தந்து வழியனுப்பியது. 'அன்ஃபர்கிவன்' தன் கிழவருக்கு அந்தக் கௌரவத்தைத் தர மறுக்கிறது. இந்த மறுப்புதான் இரண்டையும் பிரிக்கும் கோடு என்று எனக்குப் படுகிறது.

வரலாற்றில் துப்பாக்கிக்காரர்கள் முதுமை எய்துவது அரிதாகவே நடந்தது. அவர்களில் மிகப் பெயர்பெற்ற வைல்ட் பில் ஹிக்காக்கின் புகழ், 1867 பிப்ரவரியில் ஹார்ப்பர்ஸ் மாத இதழில் வந்த மிகையான ஒரு கட்டுரையிலிருந்து நாடெங்கும் பரவியது. 1871-இல் கன்சாஸின் அபிலீன் ஊரில் காவல் அதிகாரியாக இருந்தபோது நடந்த ஒரு மோதலில், உதவிக்கு ஓடிவந்த தன் சொந்த உதவியாளரையே அவர் தவறிச் சுட்டுக் கொன்றார். பிற்காலத்தில் கண்பார்வை மங்கியதாகச் சொல்லப்படும் அவர், 1876 ஆகஸ்டில் டெட்வுட் ஊரில் சீட்டாடிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து சுடப்பட்டு இறந்தார். வயது 39. இதற்கு விதிவிலக்கு வயட் எர்ப். 1881 அக்டோபர் 26 அன்று அரிசோனாவின் டூம்ஸ்டோன் ஊரில் ஏறக்குறைய அரை நிமிடம் நடந்த சண்டையில் இருந்தவர், 1929 வரை உயிரோடிருந்து, லாஸ் ஏஞ்சலஸில் தம் 80-ஆவது வயதில் இறந்தார். கடைசிக் காலத்தில் தம் கதை தமக்குப் பிடித்த வகையில் எழுதப்பட வேண்டும் என்பதில் அவர் அக்கறை காட்டினார். வெஸ்டர்ன் பட நட்சத்திரங்களான வில்லியம் எஸ். ஹார்ட்டும் டாம் மிக்ஸும் அவரது சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் இருந்தார்கள். இறந்து இரண்டு ஆண்டுகளில் வந்த வாழ்க்கை வரலாறு அவரை அப்பழுக்கற்ற வீரராக ஆக்கியது. கொலைகாரருக்கும் கதை எழுதுபவருக்கும் உள்ள உறவை இந்தப் படம் ஏன் இவ்வளவு பிடிவாதமாகத் துருவுகிறது என்பதற்கு, எர்ப்பின் சவ ஊர்வலமே போதிய விளக்கம்.

படத்தில் அந்த உறவின் உருவம் டபிள்யூ. டபிள்யூ. போஷாம்ப். கண்ணாடி அணிந்த, பயந்த சுபாவமுள்ள இந்த எழுத்தாளர், ரிச்சர்ட் ஹாரிஸ் நடித்த இங்கிலிஷ் பாப் என்ற பகட்டான துப்பாக்கிக்காரரின் 'வாழ்க்கை வரலாற்றை' எழுதியபடி அவருடனேயே ரயிலில் வருகிறார். போஷாம்ப் கற்பனை ஆள் என்றாலும் அவரது தொழில் உண்மையானது. பத்து சென்ட் விலையில் மலிவுக் கதைப் புத்தகங்கள் 1860 முதல் நியூயார்க்கிலிருந்து லட்சக்கணக்கில் அச்சாகிக் கிழக்குக் கரை நகரங்களில் விற்றன. நெட் பன்ட்லைன் என்ற புனைபெயரில் எழுதியவர், 1869-இல் வேட்டைக்காரரான பஃபலோ பில் கோடியை நாயகனாக்கித் தொடர்கதை எழுதினார். 1872-இல் அதே கோடி சிகாகோ மேடையில் ஏறித் தானே தன்னை நடித்துக் காட்டினார். இன்னும் முடிந்திராத ஒரு காலம், அதில் வாழ்ந்துகொண்டிருந்தவர்களாலேயே நாடகமாக விற்கப்பட்டது. முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் வழியாக டெக்ஸ் வில்லரையும் கேப்டன் டைகரையும் சந்தித்து வளர்ந்த தமிழ் வாசகர்கள், அந்த மலிவுப் புத்தகங்களின் தூரத்து வாரிசுகளைத்தான் படித்தார்கள்.

போஷாம்ப்பின் புத்தகத்தை லிட்டில் பில் கையிலெடுக்கும் சிறைக் காட்சியை இந்தப் படத்தின் நடுநரம்பு என்று சொல்லலாம். ஊருக்குள் துப்பாக்கியோடு வந்ததற்காக இங்கிலிஷ் பாபைத் தெருவில் போட்டு உதைத்து உள்ளே தள்ளிய பிறகு, பில் அந்தப் புத்தகத்தைச் சத்தமாக வாசித்து, அதில் வரும் சண்டையொன்றைத் தான் நேரில் பார்த்த விதத்தில் திருத்துகிறார். புத்தகத்தில் ஒரு பெண்ணின் மானத்தைக் காக்க நடந்த நேருக்கு நேர் மோதலாக இருப்பது, உண்மையில் பொறாமை பிடித்த குடிகாரர் ஒருவர் நிராயுதபாணிக்குச் சமமான ஒருவரைக் கொன்ற அசிங்கமான சம்பவம். எதிராளி அவசரத்தில் சுடும் தோட்டா அவரது சொந்தக் காலிலேயே பாய்கிறது. பிறகு அவரது வாக்கர் கோல்ட் ரிவால்வர் கையிலேயே வெடித்துவிடுகிறது. பாப் நிதானமாக நடந்து போய் அவரைச் சுடுகிறார். அந்த வகை ரிவால்வர் 1847-இன் படைப்பு, அதன் தோட்டா உருளைகள் வெடித்துச் சிதறுவதில் பெயர்பெற்றவை என்பதால் இந்த விவரம் வெறும் நகைச்சுவைக்காகச் சேர்க்கப்பட்டதல்ல.

பிறகு பில் ஒரு பாடம் நடத்துகிறார். வேகமாக உருவுவது பெரிய விஷயமில்லை, பதறாமல் நின்று குறிபார்த்துச் சுடுபவன்தான் பிழைப்பான், அப்படிப்பட்டவர்கள் மிகச் சிலர் என்பது அதன் சாரம். சொன்னதை மெய்ப்பிக்க, துப்பாக்கி ஒன்றைப் போஷாம்ப்பின் கையில் கொடுத்து, தன்னைச் சுட்டுவிட்டுப் போகும்படி அழைக்கிறார். போஷாம்ப்பால் முடிவதில்லை. அப்படியானால் அதைப் பாபிடம் கொடு என்கிறார். கம்பிக்குப் பின்னால் இருக்கும் பாப், துப்பாக்கி வெற்றாக இருக்கும் என்று சந்தேகித்துக் கைநீட்டாமல் இருந்துவிடுகிறார். பில் அதை வாங்கித் திறந்து தோட்டாக்களை ஒவ்வொன்றாக உதிர்க்கிறார். பில்லாக நடித்த ஜீன் ஹேக்மன் இந்தக் காட்சியில் சிரித்த முகத்தோடே இருக்கிறார், பார்ப்பவருக்குத்தான் மூச்சு முட்டுகிறது. வன்முறை அதிகம் என்று முதலில் இந்தப் பாத்திரத்தை மறுத்தவர் அவர். சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கரை இதற்காகவே பெற்றார். காட்சி முடியும்போது போஷாம்ப் தன் குறிப்பேட்டுடன் பாபை விட்டுப் பில்லிடம் கட்சி மாறிவிடுகிறார். எழுத்தாளருக்குத் தேவை உண்மை என்று நாம் நினைத்திருந்தால், அவர் தேடுவது வலுத்தவனை மட்டுமே என்பது இங்கே தெளிவாகிறது.

புத்தகத்துக்கு வெளியேயும் கதைகள் ஊதிப் பெருகுகின்றன. டெலைலாவின் முகத்தில் ஏற்பட்ட வெட்டுகள், கிட் மனியிடம் சொல்லும்போது கண், காது, மார்பு வரை பரவிவிடுகின்றன. மனி அதை நெட்டிடம் சொல்லும்போது விரல்களும் சேர்ந்துகொள்கின்றன. இருவரும் கொலைக்குச் சம்மதிப்பது நடந்ததைக் கேட்டு அல்ல, வளர்ந்ததைக் கேட்டு. இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. முன்பு ஜாக்சன் கவுன்ட்டியில் இரண்டு அதிகாரிகளைச் சுட்டு வீழ்த்தியது உண்மையா என்று கிட் கேட்கிறான்; நினைவில்லை என்கிறார் மனி. பின்னர் தனிமையில் நெட் மெதுவாகத் திருத்துகிறார்: இரண்டு பேர் இல்லை, மூன்று பேர். கதைகள் எப்போதும் மிகைப்படுத்தும் என்று நாம் ஒரு முடிவுக்கு வரும் நேரத்தில், மனியைப் பொறுத்தவரை உண்மை கதையைவிடக் கொடியது என்று படம் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறது.

பிக் விஸ்கியின் எல்லையில் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லும் பலகையைப் பார்த்து, இது இன்றைய அமெரிக்க விவாதத்தைப் பழைய காலத்தில் திணிப்பது என்று எண்ணுபவர்கள் உண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. டாட்ஜ் சிட்டி போன்ற ஊர்களில் துப்பாக்கி ஏந்தி நடக்கத் தடை இருந்தது. டூம்ஸ்டோனில் 1881-இல் இயற்றப்பட்ட அத்தகைய விதியை நடைமுறைப்படுத்தப் போனதிலிருந்துதான் எர்ப் சகோதரர்களின் அந்த அரை நிமிடச் சண்டையே மூண்டது. வரலாற்றாசிரியர் ராபர்ட் டிக்ஸ்ட்ரா, கன்சாஸின் ஐந்து மாட்டுச் சந்தை ஊர்களில் 1870 முதல் 1885 வரை நடந்த கொலைகளை எண்ணிப் பார்த்தபோது கிடைத்த மொத்தம் 45. திரைப்படம் ஒன்றின் உச்சக்காட்சியிலேயே இதில் பாதி செத்துவிடும்.

லிட்டில் பில் அந்த வகையில் ஊரை ஒழுங்காக வைத்திருக்க முயலும் நிர்வாகி. தன் கையாலேயே ஒரு வீடு கட்டுகிறார்; தச்சுவேலை தெரியாததால் அதில் நேர்க்கோணம் ஒன்றுகூட இல்லை, மழை பெய்தால் பல இடங்களில் ஒழுகுகிறது. அவரது நீதியும் அதே கைவண்ணம்தான். டெலைலாவை வெட்டியது அவர் பார்வையில் ஸ்கின்னியின் சொத்துக்கு நேர்ந்த சேதம்; ஏனென்றால் ஸ்கின்னி அந்தப் பெண்ணைப் பணம் கட்டி ஒப்பந்தத்தில் அழைத்து வந்திருக்கிறார். ஆகவே ஈடு கடைக்காரருக்குப் போகிறது, காயம்பட்டவருக்கு எதுவுமில்லை. இது வயோமிங்கில் நடப்பது ஒரு கூர்மையான முரண், ஏனென்றால் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கிய முதல் அமெரிக்க ஆட்புலம் (இன்னும் மாநிலமாகாத பகுதி) வயோமிங், ஆண்டு 1869. படம் இதைக் குறிப்பிடுவதில்லை. அதேபோல, இங்கிலிஷ் பாப் ரயில் நிறுவனத்துக்காகச் சீனத் தொழிலாளர்களைச் சுட்டவர் என்பதும் ஓரிரு வரிகளில் கடந்துபோகிறது. 1885-இல் இதே வயோமிங்கின் ராக் ஸ்பிரிங்ஸில் குறைந்தது 28 சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் கொல்லப்பட்டதை அறிந்தவர்களுக்கு அந்த வரிகள் சாதாரணமாகக் கேட்காது.

இதே மௌனம் நெட் லோகன் விஷயத்திலும் இருக்கிறது. நெட்டாக நடித்த மார்கன் ஃப்ரீமன் கறுப்பினத்தவர் என்பதைப் படத்தில் ஒருவரும் வாய்திறந்து சொல்வதில்லை. கொல்ல மனம் வராமல் பாதியில் திரும்பும் நெட் பிடிபடுகிறார். உண்மையை வரவழைக்கப் பில் சாட்டையால் அடிக்கிறார், அடியிலேயே அவர் இறக்கிறார். உள்நாட்டுப் போர் முடிந்து 16 ஆண்டுகளே ஆன ஒரு நாட்டில், கறுப்பு முதுகில் சாட்டை விழும் காட்சி எதை நினைவூட்டும் என்பதை ஈஸ்ட்வுட் பார்வையாளரிடமே விட்டுவிடுகிறார். இதை நுட்பம் என்று பாராட்டுபவர்களும் இருக்கிறார்கள், நழுவல் என்று குறை சொல்பவர்களும் இருக்கிறார்கள். நான் இரண்டாமவர்கள் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். நெட்டின் மனைவி சாலி டூ ட்ரீஸ் பூர்வகுடிப் பெண். மனி வந்து நிற்பதைப் பார்த்த கணமே நடக்கப்போவதை அவர் கண்கள் புரிந்துகொள்கின்றன, ஆனால் அவருக்கு ஒரு வசனம்கூட இல்லை. இத்தனை பேருடைய கதைகளைச் சோதிக்கும் ஒரு படத்தில், கதை சொல்ல வாய்ப்பே தரப்படாதவர் அவர்தான்.

கொலைகளுக்கு வருவோம். முதலில் சாவது டேவி, அதாவது கத்தியெடுத்தவன் அல்ல, கூட இருந்தவன். ஈடாகக் கொடுக்க வேண்டிய குதிரைகளோடு, தன்னிடமிருந்த மிக நல்ல குதிரையையும் டெலைலாவுக்கென்று ஓட்டி வந்தவன். மற்றப் பெண்கள் சேற்றை வாரியடித்து அவனை விரட்டினார்கள். மலையிடுக்கில் அவன்மீது நெட் சுடும் குண்டு குதிரையில் பட்டு, அதன் கீழ் அவன் கால் மாட்டிக்கொள்கிறது. நெட்டுக்கு மேற்கொண்டு சுட முடியவில்லை. ரைஃபிளை வாங்கும் மனி பலமுறை தவறவிட்டுக் கடைசியில் வயிற்றில் சுடுகிறார். டேவி உடனே சாவதில்லை. தண்ணீர் கேட்டுக் கதறுகிறான். நாங்கள் சுடமாட்டோம், அவனுக்குத் தண்ணீர் கொடுங்கள் என்று அவன் கூட்டாளிகளைப் பார்த்து மனியே கத்துகிறார். வெஸ்டர்ன் படங்களில் சாவுக்கு இவ்வளவு நேரம் பொதுவாக ஒதுக்கப்படுவதில்லை. இரண்டாவதாக, முகத்தைக் கிழித்த குவிக் மைக்கைக் கழிப்பறையில் உட்கார்ந்திருக்கும்போது கிட் சுடுகிறான். ஐந்து பேரைக் கொன்றதாகப் பீற்றிக்கொண்டவன், அதன் பிறகு ஒரு மரத்தடியில் அழுதபடி, இதுவே தன் முதல் கொலை என்று ஒப்புக்கொள்கிறான். கிட்டுக்குத் தூரத்தில் இருப்பது தெரியாது என்பது முன்பே நமக்குத் தெரியும். அவன் கொன்ற ஒரே மனிதன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தான்.

அந்த மரத்தடியில்தான் நெட் செத்த செய்தி வருகிறது. செய்தி கொண்டுவந்த பெண் பேசிக்கொண்டிருக்கும்போதே மனி விஸ்கிப் புட்டியை எடுத்துக் குடிக்கத் தொடங்குகிறார். படம் முழுக்கத் தன் மனைவி கிளாடியா தன்னைக் குடியிலிருந்து மீட்டதாகச் சொல்லிச் சொல்லி மறுத்துவந்தவர், இப்போது கேமரா அதைச் சுட்டிக்காட்டாமலேயே மடமடவென்று குடிக்கிறார். மழை கொட்டும் இரவில் மதுக்கடைக்குள் நுழைந்து, வாசலில் நெட்டின் உடலைக் காட்சிக்கு வைத்த குற்றத்துக்காக ஆயுதமில்லாத ஸ்கின்னியைச் சுடுகிறார். பில்லைக் குறிவைத்த ஷாட்கன் வெடிக்காமல் போக, அதை அவர்மீதே எறிந்துவிட்டுக் கிட் விட்டுச்சென்ற ரிவால்வரை உருவுகிறார். சுற்றிலும் பலர் பதறிச் சுட, அவர் பதறாமல் ஒவ்வொருவராக வீழ்த்துகிறார்.

இந்தக் காட்சிதான் படத்தைப் பற்றிய தீராத வழக்கு. இரண்டு மணி நேரம் துப்பாக்கி வீரத்தைத் தோலுரித்துவிட்டு, முடிவில் அதே வீரத்தைப் பரிமாறிக் கைதட்டல் வாங்குகிறதே, இது தன் வாதத்தைத் தானே விற்பதில்லையா என்பது கேள்வி. திரையரங்கில் பலர் கைதட்டியிருப்பார்கள் என்பதை மறுக்க முடியாது. ஆயினும், நடப்பதை வரிசையாகக் கவனித்தால் அங்கே சாகசம் எதுவும் இல்லை என்பது என் எண்ணம். பில் சிறையில் நடத்திய பாடம் அச்சுப் பிசகாமல் நிரூபிக்கப்படுகிறது: வேகமில்லை, குறிகூடத் துல்லியமில்லை, பதற்றமின்மை மட்டுமே இருக்கிறது, அதுவும் சாராயத்தில் ஊறியது. நிரூபணத்துக்குப் பலியாவது ஆசிரியரே. சாகும்போது பில், இப்படிச் சாகத் தான் செய்த குற்றமென்ன, தான் வீடு கட்டிக்கொண்டிருந்தவன் என்கிறார். தகுதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்கிறார் மனி. நீதி நிலைநாட்டப்பட்டது என்று பார்வையாளர் நிம்மதி அடையும் வழியை அந்த ஒரு பதில் அடைத்துவிடுகிறது. அதற்குச் சற்று முன்புதான், பிணங்களுக்கு இடையிலிருந்து எழுந்த போஷாம்ப், முதலில் யாரைச் சுட்டீர்கள், எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று ஆர்வத்தோடு கேட்கத் தொடங்கியிருந்தார். வரிசையில் அதிர்ஷ்டம் அமைந்தது, கொல்வதில் தனக்கு எப்போதும் அதிர்ஷ்டம்தான் என்று சொல்லி மனி அவரை விரட்டியிருந்தார். கைதட்டிய பார்வையாளர்களுக்குத் திரையில் ஒரு பிரதிநிதி இருக்கிறார் என்றால் அது போஷாம்ப்தான்.

1993 மார்ச் 29 அன்று நடந்த ஆஸ்கர் விழாவில் ஒன்பது பரிந்துரைகளில் நான்கு விருதுகள் கிடைத்தன: சிறந்த படம், இயக்கம், துணை நடிகர், ஜோயல் காக்ஸின் படத்தொகுப்பு. 'சிமரோன்', 'டான்சஸ் வித் வுல்வ்ஸ்' ஆகியவற்றுக்குப் பிறகு சிறந்த படமாகத் தேர்வான மூன்றாவது வெஸ்டர்ன் இது. சிறந்த நடிகருக்கான விருது அல் பச்சீனோவுக்கும், மூலத் திரைக்கதை விருது வேறு படத்துக்கும் போயின. பதினாறு ஆண்டுகள் காத்திருந்த பீப்பிள்ஸுக்கு அந்த இரவு வெறுங்கையாக முடிந்தது சற்று அநியாயம்தான். படம் வெளியாவதற்கு மூன்று மாதங்களுக்கு முன், கறுப்பினத்தவரான ராட்னி கிங்கை அடித்த காவலர்கள் விடுவிக்கப்பட்டதை அடுத்து லாஸ் ஏஞ்சலஸ் பற்றியெரிந்திருந்தது. சட்டத்தின் பெயரால் சிரித்துக்கொண்டே அடிக்கும் ஷெரிஃப்பை, அன்றைய பார்வையாளர்கள் 1881-க்குள் மட்டும் அடைத்து வைத்துப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

2013-இல் ஜப்பானில் லீ சாங்-இல் இந்தக் கதையை மறு ஆக்கம் செய்தார். கென் வதனபே, தோற்றுப்போன ஷோகன் ஆட்சியின் எஞ்சிய சாமுராயாக, 1880களின் ஹொக்கைடோவில் மனியின் இடத்தை ஏற்றார். ஒரு வகையில் இது பழைய கடனைத் திருப்பி வாங்குவது போன்றது, ஏனென்றால் ஈஸ்ட்வுட்டைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோன லியோனியின் முதல் படம், ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'யொஜிம்போ'விலிருந்து அனுமதியில்லாமல் எடுக்கப்பட்டு, வழக்காகி, வருமானத்தில் பங்கு கொடுத்துத் தீர்க்கப்பட்ட ஒன்று. ஆனால் மறு ஆக்கத்தில் கவனிக்கத்தக்க மாற்றம் வேறு. ஹொக்கைடோவின் பூர்வகுடிகளான ஐனு மக்களை மெய்ஜி அரசு நிலத்திலிருந்தும் மொழியிலிருந்தும் அகற்றிக்கொண்டிருந்த காலம் அது. லீ அவர்களைக் கதைக்குள் கொண்டுவந்து, கிட்டின் இடத்தில் வரும் இளைஞனையே ஐனு வழிவந்தவனாக ஆக்கினார். மூலப் படம் சாலி டூ ட்ரீஸின் பார்வையோடு நிறுத்திக்கொண்ட விஷயத்துக்கு, இருபத்தோராண்டுகள் கழித்து, வேறொரு நாட்டின் படத்தில் பேச இடம் கிடைத்தது.